விசிலுக்கு வரும் குதிரை

எமல்டா மிஸ் ஒரு காலத்தில் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள். வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் ஒரு மாடியில் நாலு டிவிகளை வைத்துக்கொண்டு வீடியோ கேம் விளையாடச் சொல்லித்தந்தாள். அவளைவிட ஐந்து வயது மூத்த ரீகனுக்கும் அவள் மிஸ்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் படியேறி வந்த வேகத்திலேயே செருப்பை உதறினான். ஒன்று பறந்துபோய்த் தண்ணீர்க் கேனில் இடித்தது.

"பிள்ள வரமாட்டேங்கா மிஸ்."

விஷயம் அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் விளையாடும்போது, திரையில் கோட்டைக் காவலன் ஒருவனிடம் ஒன்பதாவது தடவையாகச் செத்தபோது, ரீகன் கன்ட்ரோலரைச் சுவரில் விட்டெறிந்தான். அது உடைந்து விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மூன்று வயது ஷைனி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அவன் மனைவி பெனிட்டா மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "பிள்ள தானா உங்ககிட்ட வரட்டும். அன்னைக்கு நானும் வாரேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கும் போனேன். அப்பாட்ட வான்னு கூப்பிட்டேன். பீரோ இடுக்குல போய் ஒளிஞ்சிக்கிட்டா. கத்தினேன். ஜட்டிய நனைச்சிட்டா. எல்லாம் அவ அம்மா சொல்லிக்குடுக்கா! பெத்த அப்பன் கூப்பிட்டா எந்தப் பிள்ளையாவது வராம இருக்குமா? நீங்களே சொல்லுங்க!"

மிஸ் டிவியைப் போட்டாள். கன்ட்ரோலரை அவன் கையில் திணித்தாள்.

"விளையாடுங்க."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன..."

"விளையாடுங்கன்னு சொன்னேன்."

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாலைவன ராஜ்யம் திரையில் விரிந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதன்மேலும் ஏறலாம். ரீகனின் வீரன் ஒரு மலையுச்சியில் நின்றிருந்தான்.

"குதிரையக் கூப்பிடுங்க."

பட்டனை அழுத்தினான். வீரன் விசிலடித்தான். எங்கிருந்தோ குதிரை ஓடிவந்து பக்கத்தில் நின்றது.

"கீழ தள்ளுங்க."

விளையாடுகிற எல்லோரும் செய்கிற கூத்துதான். ரீகன் அதில் ஏறி விளிம்புவரை விரட்டி, தான் மட்டும் குதித்து இறங்கிக்கொண்டான். குதிரை பாறை பாறையாக மோதிக்கொண்டே போய் அடியில் கிடந்தது.

"கூப்பிடுங்க."

வந்தது.

"வெட்டுங்க."

வெட்டினான்.

"கூப்பிடுங்க."

வந்தது. அம்பு மழைக்கு நடுவே விட்டுவரச் சொன்னாள். தீயில் இறக்கச் சொன்னாள். திரும்பத் திரும்ப வந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு, அவனை ஏற்றிக்கொள்ளத் தயாராக நின்றது.

"போதும் மிஸ்! என்னைப் பாத்தா பைத்தியக்காரன் மாதிரி தெரியுதா?"

"நல்ல குதிரை ரீகன். எத்தன தடவ கொன்னாலும், விசிலடிச்சா வந்து நிக்கி." மிஸ் இப்படிக் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை. "ஏன் வருது? சொல்லுங்க, ஏன் வருது?"

"அதுக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர் குதிரைதான? முன்னால நடந்தது எதுவும் அதுக்கு..."

பாதியில் நின்றான்.

திரையில் குதிரை காத்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தான். வைக்கும்போது சத்தம் வரவில்லை.

"அப்போ எப்படித்தான் மிஸ் கூப்பிட?"

"கூப்பிடாதீங்க. அந்த வீட்டுத் தரையில போய்ச் சும்மா உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அத ஷைனி சொல்லுவா."