தெற்குச் சுவர்

தில்லைநாயகம் நில அளவைத் துறையில் முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே கண்நீர் அழுத்த நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போயின. அதற்குப் பிறகுதான் கொள்ளிடக் கரையில் இருந்த அம்மையிடம் வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் தில்லைநாயகத்துக்குக் குரு அம்மைதான்.

ஒருநாள் அவர் அம்மையிடம் கேட்டார்.

"தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைத் தாண்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருநாளும் இறங்கியதில்லை. எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன். கோயில் அங்கேயே இருக்கிறது. கண்தான் போய்விட்டது. இனி எனக்கு அந்தக் கோயில் உண்டா, இல்லையா?"

மறுநாள் காலை அம்மை அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். கோபுரவாயில் இரண்டையும் கடந்ததும் நிழலான ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார்.

போனவர் வரவில்லை.

தில்லைநாயகம் காத்திருந்தார். பேசிக்கொண்டே வருகிறவர்கள் வாயிலைக் கடந்ததும் சட்டென்று பேச்சை நிறுத்துவது அவருக்குக் கேட்டது. ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் செய்தது. அந்த மௌனம் ஒவ்வொரு முறையும் அவரைக் குத்தியது. வந்திருக்கவே கூடாது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஒரு பெண்குரல் அவரருகில் நின்றது. நடவுக்குப் போகிற பெண்கள் சிலர் சீட்டுப் பிடித்து, வேன் எடுத்துக்கொண்டு பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் செம்பாயி. கோயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, உள்ளே வரவில்லையா என்று கேட்டாள். கண் தெரியாது என்றார் அவர்.

"அதுக்காவ பாக்காம போறதாய்யா? எந்திரிங்க."

அவர் மறுத்துப் பார்த்தார். அவள் அதற்குள் கையைப் பிடித்துவிட்டாள். வெயிலில் கல்தளம் காய்ந்து கிடந்தது. இரண்டடி வைப்பதற்குள் அவர் காலை உதறினார். பக்கத்தில் போன யாரோ ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு குனிந்து, தம் காலுறைகளைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். கொடுத்தவருடைய உள்ளங்கால் வேகுமே என்று தில்லைநாயகம் பதறினார். அதற்கு அந்த மனிதர் சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.

விமானத்தின் தெற்குச் சுவருக்குக் கூட்டிப்போய் அவர் கையைக் கல்லில் வைத்தாள் செம்பாயி. விரலுக்கு அடியில் எழுத்துகள் ஓடின. அவர் தடவிக்கொண்டே நின்றார்.

"எவ்வளவு நீளம் போகிறது?" என்று கேட்டார். அடிக்கணக்கு அவருக்குத் தெரியும். கேட்டது அதை அல்ல.

செம்பாயிக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன்னோடு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, சுவரோரமாகக் கைகோத்து நிற்கச் சொன்னாள். வேனில் வந்த பதினாறு பேரும் நின்றார்கள். சுவர் முடியவில்லை. காலுறை கொடுத்தவர் போய்ச் சேர்ந்துகொண்டார். பிறகு முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சேர்ந்தது. காவலுக்கு நின்ற ஆளும் தடியைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்கடி. ஐயாவுக்குக் கேக்கட்டும்."

"செம்பாயி."

"பாக்கியம்."

"மாரிக்கண்ணு."

"ராசகிளி."

பெயர்கள் சுவரோடு நகர்ந்தன. நகர நகரக் குரல் சிறுத்தது. பசவராஜ் என்றது ஒன்று. நூர்ஜஹான் என்றது ஒன்று. கடைசிப் பெயர் ஏதோ அக்கரையிலிருந்து கூப்பிட்டதுபோல வந்தது. முப்பத்தோர் ஆண்டு அளந்ததில் ஒரு நீளம் தில்லைநாயகத்தின் உடம்புக்குள் இப்படி இறங்கியதில்லை.

அவர் நடந்தார். ஒரு கை அவரை அடுத்த கைக்குக் கொடுத்தது. காய்த்த கை, வளையல் கை, மருதாணி மணக்கும் கை. ஒவ்வொன்றும் அவரைப் பிடித்து, அழுத்தி, விட்டது. சுவரின் மறுமுனையில் அவர் முகத்தை மேலே தூக்கினார்.

"உயரம்?"

கூடவே வந்திருந்த செம்பாயி எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொன்னாள். வெகு மேலே மெல்லிய கீச்சொலி கேட்டது.

"கேக்குதாய்யா? கிளி," என்றாள் அவள். "அது உச்சியில இல்ல. இன்னும் பாதிகூட ஏறல."

தில்லைநாயகம் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். வெகுநேரம் இறக்கவில்லை.

வெளியே வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். திருவாரூர் போக வேண்டும் என்று சொல்லிப் பெண்கள் கிளம்பினார்கள். செம்பாயி அவரைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினாள். காலுறைகளைத் திருப்பிக் கொடுக்க அவர் அந்தக் கன்னடக்காரரைத் தேடிக் குரல் கொடுத்தார். பதில் வரவில்லை.

அம்மை தண்ணீரோடு வந்தார். கடையில் கூட்டம் என்றார்.

தில்லைநாயகம் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"நீங்கள் சொல்லி வைத்துச் செய்தார்களா, அம்மா?"

"இல்லை."

"அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. இவ்வளவு செய்துவிட்டுப் போனவர்களுக்கு நான் என்ன செய்வேன்? எங்கே போய்க் கொடுப்பேன்?"

அம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தக் கல்லையெல்லாம் மேலே ஏற்றினார்களே, அவர்களுக்கு யார் எங்கே போய்க் கொடுத்தார்கள்? அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது, அம்மா."

"இவர்கள் பெயரையாவது சொல்லிவிட்டுப் போனார்கள்."