சிறு தடங்கல், கவலை வேண்டாம்

அருமைநாயகம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சலோமி டீச்சரிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் டீச்சர் சொல்லாமல் இவர் உட்கார மாட்டார்.

"உட்காருங்க சார். முகமே சரியில்லையே."

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைக் கவனித்துக்கொள்ளப் பலர் எழுதிய நிரல்கள் ஓடுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்து உதவுகிற பொது நிரல்தொகுப்பு, அதாவது லைப்ரரி, அருமைநாயகம் எழுதியது. கோளாறு என்றால் அந்த லைப்ரரி சொல்லும் சொல்தான் அடிவாரத்தில் இருக்கும் நிர்வாகி பவுல்துரைக்குப் போய்ச் சேரும்.

போன வாரம் ஒரு பெட்டி குளிரவில்லை. பவுல்துரைக்குப் போன செய்தி: 'சிறு தடங்கல். கவலை வேண்டாம்.'

அவரும் கவலைப்படவில்லை. மருந்து முழுக்கக் கெட்டுப்போயிற்று. பிள்ளைகளுக்குப் போடும் முன்பே நர்ஸ் பார்த்துவிட்டாள், ஆண்டவர் காத்தார்.

"ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"தூரத்துல இருக்கிற மனுஷன், பாவம். பதறிடக் கூடாதேன்னுதான்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இனிமே சின்னக் கோளாறுன்னாலும் மொத்த நிரலையும் நிறுத்திடறேன். அப்பவாவது ஓடி வருவார்ல. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணித் தரலைன்னா என் லைப்ரரியையே தூக்கிடுவாராம்."

"கெட்ட சேதி வந்தா போனையே உடைச்சுப் போடுற ஆளு போல நீங்க."

"அப்ப எப்படித்தான் சொல்றது டீச்சர்?"

டீச்சர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"நான் திருச்சி ஹாஸ்டல்ல படிச்சேன் சார். ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்தா வார்டன் ரூம் வாசல்ல வரிசை. ஈரத் தலையும் மல்லிகைப்பூவுமா அத்தனை பேரும் ஒரே போனுக்கு இடிச்சுக்கிட்டு நிப்போம். அந்த வரிசையில இன்னொரு தடவை நிக்கணும்னு இப்பவும் ஆசையா இருக்கு."

டீச்சர் தொடர்ந்தார்.

"அம்மா எப்பவும் ஒண்ணேதான் சொல்லுவாங்க. 'சாப்பிட்டியாடி? இங்க எல்லாரும் சுகம். ஜெபம் பண்ணிக்கோ.' பின்னால அப்பா இருமுறது கேக்கும். என்னன்னு கேட்டா, 'ஒட்டடை அடிச்சோம், தூசி'ம்பாங்க."

அருமைநாயகம் சிரித்தார். பிள்ளைகள் வெளியூரில் படித்தபோது அவர் மனைவியும் இப்படித்தான் பேசுவாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை இருமல் கேக்கலை. அப்பாடா, தேவலையாயிட்டுதுன்னு நிம்மதியா கேரம் ஆடப் போயிட்டேன். மறுநாள் சித்தப்பா வந்து ஹாஸ்டல் வாசல்ல நின்னார். நாங்க ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள கல்லறைக்கு எடுத்துட்டாங்க."

அருமைநாயகத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"அம்மா என்ன சொல்லியிருக்கணும் டீச்சர்?"

"எப்ப ஆரம்பிச்சுது, எந்த டாக்டர்கிட்ட காட்டினாங்க, என்ன மருந்து கொடுத்தும் கேக்கலை. அவ்வளவு போதும் சார். பதறுறதா, பஸ் ஏறுறதான்னு நானே முடிவு பண்ணியிருப்பேன்."