ஓரத்துத் தீ

ரெஜினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கும் வேம்பனுக்கு முப்பது. ஆனாலும் அவள் அவனை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை அக்கா என்பான்.

மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்து மூன்று வருடமாகிறது. நோய் போய்விட்டது. இடது தோளிலிருந்து விலா வரைக்கும் ஒரு வலி மட்டும் போகவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒன்றும் இல்லாதது எப்படி வலிக்கும் என்று கேட்டாள். மூன்று பேரும் இன்னொரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இன்று மாலை பள்ளி மைதானத்தில் அரங்கேற்றம். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சலங்கையை மூன்று முறை கட்டி அவிழ்த்தாள். தெருக்காரர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், ஸ்கேன் எடுக்கிற பெண் வரைக்கும் அழைத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் வலி வந்து குச்சி நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில், ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குச் சொன்ன தோள் பயிற்சியை நேற்று ஒரே நாளில் செய்து தீர்த்திருந்தாள். வலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

கூட ஆடுகிறவர்கள் மைதானத்து ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினார்கள். சூட்டில் தோல் இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும். ஆறினால் தோல் தளர்ந்து சத்தம் இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ரெஜினா மட்டும் தன் பறையைத் தீயிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரேயடியாகக் காய்ச்சிவிட்டால் ஆட்டம் முடியும்வரை இறங்காது என்று நினைத்தாள்.

பட்டென்று தோல் கிழிந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேம்பன் திட்டவில்லை. தன் பறையைக் கழற்றினான், கொஞ்ச நேரம் தீயில் காட்டினான், தட்டிப் பார்த்து அவளிடம் நீட்டினான்.

"இதுவும் நடுவுல இறங்கிடுமே, வாத்தியாரே."

"இறங்கும்."

"ஒருநாள் நிக்குது, ஒருநாள் உடனே இறங்கிடுது. ஏன்?"

"ஈரக்காத்துன்னு சொல்வாங்க. நல்ல வெயில்லயும் இறங்கியிருக்கு. எனக்குத் தெரியலக்கா."

தெரியவில்லை என்று இவ்வளவு லேசாக ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. இருபது பறையும் ஒரே அடியில் எழுந்தபோது கூட்டம் விசிலடித்தது. ரெஜினா ஆடினாள். மூன்று வருடமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த உடம்பா இது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான்காவது தாள அடிக்கு மாறும்போது வலி வந்தது. தோளைப் பிடித்து இழுத்தது. குச்சி நின்றது.

வரிசையை விட்டு விலகி, தலை குனிந்தபடி ஓரத்துக்கு நடந்தாள். பறை இல்லாத வேம்பன் அங்கே தீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பறை இறங்கிடுச்சா, கையா?"

"கை."

நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்து கையைத் தளரவிட்டாள். கை தொங்கிக் கிடந்தது. கால் மட்டும் தாளத்தை விடவில்லை, சலங்கை குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஆட்டத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள், பறையைத் தீயில் காட்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள், திரும்ப ஓடினார்கள். ஏன் நடுவில் வந்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வரிசையில் ரெஜினா நின்ற இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் ஆடியவர்கள் அதை விட்டுவிட்டே ஆடினார்கள்.

அவளுக்கு மனசு ஆறவில்லை.

"எல்லாரும் பாக்குறாங்க, வாத்தியாரே. பாதியில வந்துட்டேன்."

வேம்பன் ஒரு கை வைக்கோலை அள்ளித் தீயில் போட்டான்.

"பாதியில வர்றவங்களுக்குத்தான்க்கா, ஆட்டம் முடியுற வரைக்கும் நாம தீய அணைக்கிறதில்ல."