பன்னிரண்டாவது ஜாடி

ஆய்வுக்கூடத்து மாவு ஜாடிகளில் பெரிய சிவப்பு வண்டும் சிறிய கறுப்பு வண்டும் ஒன்றாக வளர்ந்தன. சிவப்புதான் வெல்லும் என்றது இயக்குநர் தணிகாசலத்தின் சமன்பாடு. பதினொரு ஜாடிகளில் அப்படியே நடந்தது. பன்னிரண்டாவதில் கறுப்பு பெருகியது.

வாரம்தோறும் மாவைச் சலித்து, வண்டுகளை எண்ணி, புது மாவில் விடுபவள் அஞ்சுகம்.

"என்ன கலந்தே? காரணம் சொல்லு, இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே" என்றார் இயக்குநர் அவளிடம்.

"சமன்பாட்டுல எத்தனை இனம் சார் போட்டீங்க?"

"ரெண்டு."

"ஒண்ணை விட்டுட்டீங்களே."

அவர் வாங்கித் தந்த சல்லடை ஒன்றில் பன்னிரண்டாவது ஜாடி மாவைச் சலித்தாள் அஞ்சுகம். கறுப்பு வண்டுகளெல்லாம் பழைய மாவோடு குப்பைக்கூடையில் விழுந்தன.

"ஜாடிக்கொரு சல்லடைன்னீங்க, பதினொண்ணுதான் வாங்கினீங்க. இதை மட்டும் எங்க வீட்டுச் சல்லடையில சலிச்சேன், அதுல கண்ணு சின்னது. மத்ததுல கறுப்பைத் தின்னது உங்க சல்லடைதான் சார். அதையும் ஒரு இனமாச் சேத்துக்குங்க."

மறுநாள் அஞ்சுகம் வழக்கம்போல் வந்தாள். இயக்குநர் விடுப்பு எடுத்திருந்தார்.