நூனோ பிரபுவுக்காக அழுதவள்

ஸ்பெயினின் கலீசியா அரண்மனையில் நூனோ பிரபு பெண் குரலில் பாட்டுக் கட்டுவதில் பேர்போனவர். பாட்டுக்குப் பாட்டு ஒரு பெண் கடற்கரையில் நின்று, ‘அம்மா, அம்மா’ என்று தாயிடம் சொல்லி அவருக்காக உருகுவாள்.

சமையற்கட்டு எல்விராவும் பாட்டுக் கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவளை அரசியின் சபைக்கு இழுத்து வந்தார்.

“பெண்ணுக்குப் பாட்டுக் கட்ட வருமா? நான் பெண்ணாகப் பாடுகிறேனே, நீ ஆணாகப் பாடு பார்ப்போம். இப்போதே! முடியாவிட்டால் அரண்மனையை விட்டு ஓடு!”

“எந்த ஆணாகப் பாடட்டும், பிரபுவே?”

“என்னைப் போல் ஒரு பிரபுவாக!”

எல்விரா நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு பாடினாள்:

“கடற்கரை முழுக்கத் தேடினேன், அம்மா! எனக்காக அழ ஒருத்தியும் இல்லை. அதனால் நானே எழுதி, நானே பாடி, நானே அழுகிறேன், அம்மா!”

அரசி சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. “இனி நீ என் பாடகி. இன்னொரு தரம் பாடு!” என்றாள்.

“மெட்டு சரியில்லை” என்று முணுமுணுத்தார் நூனோ. அவர் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.