குரைக்காத நாயும் வாய் பொத்திய சபையும்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. உங்கள் ஊரும் என் ஊரும் முளைக்காத காலம் அது. ஏழே ஏழு ஊரைச் சேர்த்து ராச்சியம் என்று பெயர் வைத்து, செங்கோடர் என்கிற மன்னர் ஆண்டுவந்தார். காலையில் வடக்கு எல்லையில் கிளம்புகிற கோழி உச்சிவேளைக்குத் தெற்கு எல்லையில் முட்டையிட்டுவிடும். அவ்வளவு பெரிய ராச்சியம்.

அந்த மன்னருக்கு ஒரு மந்திரி இருந்தார். பெயர் நுண்மதியார். அது ஊரார் கொடுத்த பட்டம் அல்ல, பெற்றவர் ஆசையாக வைத்த பெயர். அவருடைய வழியில் வந்தவன்தான் இந்தக் கதையைச் சொல்கிற நான். ஆகையால் அவர் புத்தியைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் கோள் சொல்வதாக எண்ணாதீர்கள். குடும்பச் சொத்தைக் கணக்குக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் முன்னால் யாரும் நேராகப் பேசக்கூடாது. இடக்கையைக் கட்டிக்கொண்டு, வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லவேண்டியதைக் கட்டியக்காரனிடம் மெல்லச் சொல்லவேண்டும். அவன் சிம்மாசனத்தின் பக்கத்தில், மன்னரின் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று அதை முழக்குவான். வீரணன் என்று பெயர். அவன் முழங்கினால் கோட்டைக்கு வெளியே புளியமரத்தில் பழம் உதிரும்.

மன்னருக்கு ஒரு நாய் இருந்தது. கறுத்த உடம்பு, அகன்ற மார்பு, இடி மாதிரிக் குரல். அதனால் இடியன் என்று பெயர். கோட்டை வாசலில் கட்டியிருக்கும். மன்னர் காலையில் படியேறும்போது மூன்று முறை குரைக்கும். அந்த மூன்று குரைப்பையும் கேட்ட பிறகுதான் மன்னர் அரியணையில் உட்காருவார். ராச்சியத்தில் தம்மைப் பார்த்து உண்மையாகச் சந்தோஷப்படுகிற ஒரே உயிர் அதுதான் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் பெரிய தவறும் இல்லை.

ஐப்பசி மழையில் மன்னர் கடும் காய்ச்சலில் விழுந்தார். நாற்பது நாள் படுத்திருந்து எழுந்தார். எழுந்து சபைக்கு வந்த முதல் நாளே முகம் வாடி உட்கார்ந்தார்.

"இடியன் ஏன் குரைப்பதில்லை?" என்று கேட்டார்.

அவர் கேட்ட அதே நேரத்தில் வாசலில் இடியன் குரைத்துக்கொண்டிருந்தது. மூன்று முறை அல்ல, முப்பது முறை. நாற்பது நாள் பார்க்காத எசமானைப் பார்த்த ஆனந்தத்தில் சங்கிலியே அறுந்துவிடும்போலத் துள்ளிக் குரைத்தது.

சபை திகைத்தது. சோதிடர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் புலவரைப் பார்த்தார். மூவரும் சேர்ந்து மந்திரியைப் பார்த்தார்கள்.

நுண்மதியாருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. 'ஓகோ, இது பரீட்சை. காய்ச்சலில் கிடந்தபோது யார் யார் மாறிப்போனார்கள் என்று மன்னர் சோதிக்கிறார். நாய் குரைக்கவில்லை என்று அவர் சொல்ல, குரைக்கிறது என்று எவன் சொல்கிறானோ அவனே துரோகி.' இவருக்கு முன்னால் இருந்த மந்திரி, மன்னர் விட்ட அம்பு மானின் மேல் படவில்லை, புதரில்தான் பட்டது என்று சொன்னவர். அவர் இப்போது பனங்காட்டில் காக்கை விரட்டுகிறார். அதை நினைத்த மாத்திரத்தில் நுண்மதியாரின் வலக்கை தானாக வாய்க்குப் போயிற்று.

"ஆமாம் மன்னா, குரைக்கவில்லை" என்றார்.

"குரைக்கவில்லை!" என்று வீரணன் முழக்கினான்.

"குரைக்கவே இல்லை" என்றார்கள் மற்ற மூவரும். வாசலில் இடியன் குரைத்துக்கொண்டே இருந்தது.

நாயைப் பார்த்துக்கொள்கிற சடையனை இழுத்துவந்தார்கள். அவன் காட்டில் பிறந்து நாய்களோடு வளர்ந்தவன், சபையைக் கண்ணால் பார்த்ததில்லை. வாயைப் பொத்தத் தெரியாமல் கும்பிட்டுக்கொண்டே சொன்னான்: "சாமி, அது நல்லாத்தானே குலைக்குது! இந்தா, இப்பக்கூடக் குலைக்குதே, கேளுங்க சாமி!"

வீரணன் சபையைப் பார்த்தான், மந்திரியைப் பார்த்தான். பிறகு, "தெரியாமல் நடந்துவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம்!" என்று முழக்கினான்.

மன்னரின் கண் சிவந்தது. "என் நாயின் குரலைக் கெடுத்தவனுக்குக் குரல் எதற்கு? மூன்று நாள் தருகிறேன். மந்திரி காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். நாய் குரைத்தால் இவன் பிழைத்தான். குரைக்காவிட்டால் நான்காம் நாள் காலையில் இவன் நாக்கை அறுத்துவிடுங்கள்."

முதல் நாள் சோதிடர் வந்தார். நாய் பிறந்த நாழிகை தெரியாததால், அது முதல் முதலில் வாலாட்டிய நாழிகையை வைத்துக் கட்டம் போட்டார். வாக்கு ஸ்தானத்தில் சனி என்றார். பரிகாரமாக நாயின் கழுத்தில் எள் முடிச்சுக் கட்டினார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. சோதிடர் காதை மூடிக்கொண்டு, "பாவம், வாயில்லாச் சீவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் வைத்தியர் வந்தார். தொண்டையில் சிலேத்துமம் கட்டியிருக்கிறது என்று திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். நாய் தேனை மட்டும் நக்கிவிட்டு, இன்னும் கொண்டுவரச் சொல்லிக் குரைத்தது. "இன்னும் ஒரு வேளை மருந்து போனால் சரியாகிவிடும்" என்றார் வைத்தியர்.

மூன்றாம் நாள் புலவர் வந்தார். மன்னர் காய்ச்சலில் கிடந்ததைக் கண்டு மனம் நொந்து நாய் மௌன விரதம் பூண்டிருக்கிறது என்று சொல்லி, அந்த மௌனத்தைப் புகழ்ந்து பத்துப் பாட்டுப் பாடினார். பத்துப் பாட்டுக்கும் நாய் பின்பாட்டுப் பாடியது. புலவர் குரலை உயர்த்தினார், நாயும் உயர்த்தியது. கடைசியில் புலவருக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது.

இந்த மூன்று நாளும் நுண்மதியார் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? தாடியை உருவினார். மூன்று பேர் சொன்னதற்கும் தலையாட்டினார். யோசிப்பவர் போல முற்றத்தில் நடந்தார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் வேலை என்றால் இதைத்தான் செய்கிறோம்.

ஆனால் மூன்றாம் நாள் காலையில் அவர் சடையனைப் பார்க்கப் போனார். நாய்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் அவன் காலைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டு இடியன் படுத்திருந்தது. மந்திரியைக் கண்டதும் எழுந்து ஒருமுறை குரைத்தது.

சடையன் நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, உங்களுக்குக் காது கேக்குந்தானே?" என்றான்.

"கேட்கும்."

"இப்ப இது என்ன செஞ்சுச்சு?"

நுண்மதியாரின் வலக்கை வாய்க்குப் போயிற்று.

"நாளைக்கு என் நாக்கு போயிரும். போனா நான் எப்படி இதைக் கூப்பிடுவேன்? கூப்பிடுறதுக்கு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான் ஐயா." அவன் அழவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தபடியே கேட்டான். "குலைக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நுண்மதியாருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. அவர் வாழ்நாளில் சோறு இறங்காமல் எழுந்தது அன்று ஒரு நாள்தான். பித்தளைச் செம்பில் மோரை எடுத்துக்கொண்டு அரண்மனைக் குளத்தங்கரைக்குப் போனார். உச்சிவேளையில் மன்னர் அங்கே தனியாக மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருப்பார். காலில் விழுந்து கெஞ்சிப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

மன்னர் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மேல் படியில் நின்ற மந்திரி கும்பிடக் கையைத் தூக்கினார். செம்பு நழுவியது. கல் படியில் டணாரென்று விழுந்து, படிக்குப் படி டங் டங் என்று மோதி உருண்டது. குளத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. மரத்துக் காகங்கள் கத்தின. எதிர்க்கரையில் துணி துவைத்தவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

மன்னர் அசையவில்லை. பொரியை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். செம்பு அவர் காலில் வந்து முட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

நுண்மதியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நடிக்கிறவன் வாயால் பொய் சொல்லலாம், முகத்தால் பொய் சொல்லலாம். திடீரென்று இடி விழுந்தால் இமை துடிக்காமல் எவனாலும் நடிக்க முடியாது. இது பரீட்சையே இல்லை. காய்ச்சல் மன்னரின் காதைக் கொண்டுபோய்விட்டது. காதோடு நின்று வீரணன் முழக்குவது மட்டும் எட்டுகிறது. மற்றவர்கள் வாயைப் பொத்தியே பேசுவதால், சத்தம் எட்டாதது அவருக்கே தெரியவில்லை. அரசிக்காவது தெரிந்திருக்கலாம். ஆனால் தான் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அரசிக்குப் பழகிப்போன விஷயம்.

காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்வது யார்? உறுப்புக் குறைந்தவன் அரசாள ஆகாது என்று நம்பிய காலம் அது. மன்னரைப் பார்த்து உமக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது, இறங்கு கீழே என்று சொல்வதற்குச் சமம். பனங்காட்டில் காக்கை விரட்டுவதுகூடச் சுகமாகத் தெரிந்தது நுண்மதியாருக்கு.

நான்காம் நாள் சபை கூடியது. சடையனைக் கொண்டுவந்தார்கள். கத்தி தட்டில் வந்தது. இடியனும் கூடவே வந்தது. கத்தியைப் பார்த்ததும் அது சடையனுக்கு முன்னால் போய் நின்று, சபை அதிரக் குரைத்தது.

"இன்றைக்கும் வாயைத்தான் திறந்து மூடுகிறது, குரைக்கவில்லையே" என்றார் மன்னர். "மந்திரி, காரணம் என்ன?"

நுண்மதியார் வாயைப் பொத்திக்கொண்டு வீரணனிடம் காரணத்தைச் சொன்னார். வீரணனின் முகம் வெளுத்தது. எதை வேண்டுமானாலும் முழக்குகிற அந்த வாய் திறக்க மறுத்தது. கடைசியில், "மன்னர் வாழ்க!" என்று மட்டும் முழக்கினான்.

கத்தியை எடுத்தவன் சடையனின் தாடையைப் பிடித்தான்.

அப்போது நுண்மதியாரின் கை வாயைவிட்டு இறங்கியது. வீரம் வந்து இறங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் அவருக்குக் கைகால் எல்லாம் உதறியது, அதில் அந்தக் கையும் இறங்கிவிட்டது. இறங்கிய கையை மறுபடி ஏற்றாமல் விட்டதுதான் அவர் செய்த நல்ல காரியம். விடுவிடுவென்று நடந்து அரியணைப் படியில் ஏறினார். மன்னரின் கையைப் பிடித்தார். மன்னரை எழுப்பி அழைத்துவந்து, அந்தக் கையை நாயின் தொண்டையில் வைத்தார்.

இடியன் குரைத்தது.

மன்னரின் விரல்கள் அதிர்ந்தன. இடியன் மறுபடி குரைத்தது. மறுபடியும் விரல்கள் அதிர்ந்தன. மன்னர் மண்டியிட்டு, காதை நாயின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூன்றாம் முறை குரைத்தபோது, எங்கோ தூரத்துக் காட்டில் யாரோ விறகு பிளப்பது போல அவருக்குக் கேட்டது.

"இது குரைக்கிறது" என்றார் மன்னர். நாயைத் தடவிக்கொடுத்து, "எனக்குத்தான் கேட்கவில்லை" என்றார். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை போல அழுதார். பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது.

பிறகு எழுந்து சடையனை அருகில் அழைத்தார். "முதல் நாள் நீ என்ன சொன்னாய்? என் காதிலேயே சொல்."

சடையன் குனிந்து அவர் காதில் கத்தினான்: "நல்லாத்தானே குலைக்குதுன்னு சொன்னேன் சாமி!"

மன்னர் மந்திரியின் பக்கம் திரும்பினார். "இது குரைப்பது உமக்கு எப்போது தெரியும்?"

நுண்மதியார் அவர் காதருகே போய், கையைத் தொங்கவிட்டபடி உரக்கச் சொன்னார். "முதல் நாளே தெரியும் மன்னா. இவன் ஒரு மூச்சில் சொன்னதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எனக்கும் நாக்கு இருந்தது. சோறு தின்ன மட்டும் வைத்திருந்தேன்."

மன்னர் சோதிடரைப் பார்த்தார், வைத்தியரைப் பார்த்தார், புலவரைப் பார்த்தார். எல்லோர் கையும் வாயிலேயே இருந்தது.

"இத்தனை நாக்கு இருக்கிற என் சபையில் வேலை செய்தது ஒரே ஒரு நாக்கு. அதைத்தான் நான் அறுக்கப் பார்த்தேன்" என்றார் மன்னர். அதன் பிறகும் செங்கோடரே காது கேளாமல் பல காலம் ஆண்டார்.

ஆகவே கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே: காது கேளாதவனால் ஒரு குடியும் கெடாது, கண்டதைச் சொல்லாமல் வாய் பொத்தி நிற்பவனால்தான் கெடும்.