நடுங்கும் குதிரையும் நல்ல கழுதையும்

ஒரு காட்டின் நடுவே, மனிதர்கள் கட்டிவிட்டு மறந்துபோன குதிரை லாயம் ஒன்று இருந்தது. வேட்டைக்கு வந்த ஒரு ஜமீன்தார் கட்டியது அது. மூன்று பக்கமும் மண்சுவர், மேலே ஓட்டுக் கூரை, முன்னால் கதவில்லாத வாசல். வேட்டை அலுத்துப்போனதும் ஜமீன்தார் ஊர் திரும்பினார். காலில் அடிபட்டுக் கிடந்த ஒரு குதிரையையும், மூட்டை சுமந்து களைத்திருந்த ஒரு கழுதையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

குதிரையின் பெயர் மின்னல். கழுதையின் பெயர் பொறையன்.

நாளடைவில் மின்னலின் கால் ஆறியது. ஒரு காலையில் எழுந்து, வாசலைத் தாண்டி ஒரு குளம்பை வெளியே வைத்தான். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு மயில் அகவியது. மின்னலுக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ தம்பி, வேண்டாம்! உள்ளே போ. உனக்கு வேண்டியதை நான் கொண்டுவருகிறேன்" என்றான் பொறையன். ஓடைக்கரைக்கு ஓடி, வாய் நிறைய இளம்புல் கொண்டுவந்து போட்டான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் பொறையன் புல்லோடு வருவான். மின்னல் ஒரு குளம்பை வெளியே வைப்பான். நடுங்குவான். பொறையனின் நெஞ்சு உருகும். புல் உள்ளே போகும்.

காடு முழுக்க இதே பேச்சு. பொறையன் ஓடைக்கு வந்தால் மான்கள் விலகி வழிவிட்டன. "பொறையண்ணா மாதிரி மனசு யாருக்கு வரும்!" என்றன.

"நான் என்ன செய்துவிட்டேன், சும்மா இருங்கள்" என்பான் பொறையன். சொல்லிவிட்டு, இன்னொரு முறையும் சொல்வார்களோ என்று கொஞ்ச நேரம் நிற்பான்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. தனியே புல் கடிக்கும்போது யோசிப்பான். 'நான் நல்லவனா? இல்லை, நல்லவன் என்று பிறர் சொல்லக் கேட்கும் ஆசை பிடித்தவனா?' கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தும். ஆனால் மான்கள் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் முள் எங்கோ விழுந்துவிடும்.

மழைக்காலம் தொடங்கியது. லாயத்தின் பின்சுவர் ஊறிப்போயிற்று. அந்தச் சுவரில் உப்பு நக்க வரும் கொம்பி என்ற வெள்ளாடு அதை முதலில் கண்டுபிடித்தாள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவது அவள் சுபாவம்.

"பொறையா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இன்னொரு பெருமழைக்குத் தாங்காது. உன் தம்பியை வெளியே கூப்பிடு. இல்லாவிட்டால் கூரையோடு சேர்ந்து அவனும் மண்ணுக்குள் போவான்."

பொறையன் பதறி ஓடினான். "தம்பி, சுவர் விழப்போகிறதாம். வெளியே வந்துவிடு!"

"உங்களுக்குத் தெரியாததா அண்ணா? வெளியே கால் வைத்தாலே எனக்கு உடம்பு என்னவோ செய்கிறதே" என்று மின்னல் கண் கலங்கினான். பிறகு, "இன்றைக்குப் புல் கொஞ்சம் முற்றல்" என்றான்.

மான்கள் கூடி ஆலோசித்தன. "பாவம், பயந்திருக்கிறான். நாமும் ஆளுக்கு ஒரு வாய் கூடுதலாகப் போடுவோம்" என்று முடிவு செய்தன. போட்டன. மின்னல் முன்னைவிட நன்றாக நடுங்கினான்.

பொறையன் கவலையோடு கொம்பியிடம் வந்தான்.

"நீ இல்லாதபோது அவன் நடுங்குகிறானா?" என்று கேட்டாள் கொம்பி.

"நான் இல்லாதபோது நடப்பது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நேற்று நான் பக்கச் சுவரோரம்தான் நின்றிருந்தேன். உன்னைக் காணவில்லையே என்று வாசலுக்கு வெளியே முன்னங்கால் இரண்டையும் வைத்து எட்டிப் பார்த்தான். மயில் கத்தியது. அவன் காதைக்கூட அசைக்கவில்லை. பாதைத் திருப்பத்தில் உன் தலை தெரிந்ததும்தான் நடுங்க ஆரம்பித்தான்."

"அப்படியானால் என்னை ஏமாற்றுகிறானா?"

"சேச்சே! நடுங்கினால் புல் வரும் என்று அவன் உடம்பு படித்துவைத்திருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீதானே! நாளைக்குப் புல்லை உள்ளே கொண்டுபோகாதே. தள்ளி நில்."

"பட்டினி கிடப்பானே! காடு என்னைப் பற்றி என்ன சொல்லும்?"

"அவன் பட்டினிக்கு அழுகிறாயா, உன் பெயருக்கு அழுகிறாயா? முதலில் அதைச் சொல்" என்றாள் கொம்பி.

பொறையனின் நெஞ்சில் உதிர்ந்துபோன முள் மறுபடி குத்தியது. இம்முறை அது விழவில்லை.

மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது. தூறல் போட்டது. பொறையன் வாய் நிறையப் புல்லோடு வந்து, லாயத்துக்கு எதிரே இருந்த நாவல் மரத்தடியில் நின்றுகொண்டான்.

மின்னல் ஒரு குளம்பை வெளியே வைத்தான். நடுங்கினான்.

பொறையனின் கால்கள் பழக்கத்தில் தாமாகவே முன்னால் போயின. குளம்புகளைச் சேற்றில் ஊன்றி அவற்றை நிறுத்தினான்.

மின்னல் இன்னும் பலமாக நடுங்கினான். ஒரு முனகலையும் சேர்த்துக்கொண்டான். கண்களை மூடிக்கொண்டான்.

"கொடுத்துவிடுங்கள் அண்ணா! உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று அங்கே கூடியிருந்த மான்கள் கண்ணீர் விட்டன.

பின்சுவரிலிருந்து மண் கட்டி கட்டியாகச் சரிந்தது. இனி என்ன செய்வது என்று பொறையனுக்குத் தெரியவில்லை. வேறொன்றும் தோன்றாமல் வாயிலிருந்த புல்லை மெல்லத் தொடங்கினான். நறுக் நறுக்கென்று சத்தமாக மென்றான்.

மின்னல் ஒரு கண்ணைத் திறந்தான். நடுக்கம் நின்றது.

"அண்ணா! அது என் புல்!"

"ஆமாம் தம்பி. நீ சொன்னதுபோல் முற்றல் ஒன்றும் இல்லையே" என்றான் பொறையன், வாய் நிறைய.

"அடப்பாவி! திருடா!"

மின்னல் பாய்ந்தான். பிறந்ததிலிருந்து அன்றுதான் தன் பெயருக்கு ஏற்றபடி ஓடினான். நாவல் மரத்தடிக்கு வந்து, பொறையனின் வாயில் மிச்சம் தொங்கிய புல்லைப் பிடுங்கினான். அந்த நொடியில் பின்னால் சுவர் சாய்ந்தது. கூரை தடதடவென்று உள்ளே இறங்கியது.

மின்னல் திரும்பிப் பார்த்தான். புல்லை மென்று விழுங்கினான்.

"பார்த்தீர்களா? என் சாப்பாட்டைப் பிடுங்கினான். இப்போது என் வீட்டையும் இடித்துவிட்டான்!"

மான்கள் பொறையனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டன.

அதன்பிறகு மின்னல் ஓடைக்கரையிலும் மேட்டிலும் இஷ்டம்போல் மேய்ந்தான். பளபளவென்று ஆனான். ஒரு கல்நெஞ்சக் கழுதையிடமிருந்து தான் தப்பித்து வந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். கேட்காதவர்களுக்கும் சொன்னான். ஓடையில் பொறையனுக்கு யாரும் வழிவிடவில்லை. தன் முறை வரும்வரை காத்திருந்துதான் தண்ணீர் குடித்தான்.

ஒருநாள் அப்படிக் காத்திருக்கும்போது கொம்பி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொம்பி, நான் நல்லவனா?" என்று கேட்டான் பொறையன்.

"யாராவது அப்படிச் சொல்கிறார்களா?"

"ஒருவரும் சொல்வதில்லை."

"அப்படியானால் இருக்கலாம்" என்றாள் கொம்பி. சொல்லிவிட்டு, உப்பு நக்க வேறு சுவர் தேடிப் போய்விட்டாள்.

நீதி: உண்மையாகவே உதவ நினைப்பவன், அதற்காகத் தன் நல்ல பெயரை இழக்கவும் துணிய வேண்டும்.